பறவை ரத்த ஸ்லைடில் நியூக்ளியஸைச் சுற்றிக்கொண்டு இருப்பது என்ன? பழனி மலைச் சோலைப் பறவைகள்

வளவு_ஆச்சி, காரைக்குடி

எல்லோருக்கும் வணக்கம். நான் 31 வருஷம் ரத்தம் பார்த்தவள். காரைக்குடியில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்து அங்கேயே ஓய்வும் பெற்றேன். மலேரியா ஸ்லைடு எத்தனை பார்த்திருப்பேன் என்று கணக்கு வைத்ததில்லை. ஜேஎஸ்பி சாயத்தில் முக்கி எடுத்த ஸ்லைடை எண்ணெய் லென்ஸில் வைத்தால் வைவாக்ஸா ஃபால்சிபாரமா என்று கண் பார்க்கும்போதே கை எழுதிவிடும். அந்தத் தைரியத்தில்தான் இந்த வேலையை ஏற்றுக்கொண்டேன். இப்போது மூன்று ஸ்லைடுகளில் நிற்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

என் தங்கை மகள் கொடைக்கானல் பக்கத்துச் சோலைகளில் பறவை ஆராய்ச்சி செய்கிறாள். வனத்துறை அனுமதியோடு விடியற்காலையில் மெல்லிய வலை கட்டுவார்கள். மாட்டுகிற பறவையைப் பதமாக எடுத்து, எடை போட்டு, காலில் வளையம் பூட்டி, இறக்கையின் உள்பக்க நரம்பில் ஊசி முனையால் தொட்டு ஒரு சொட்டு எடுப்பார்கள். உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் ரத்தம் எடுக்கக் கூடாது என்பது விதி. பத்து கிராம் பறவையிடம் எவ்வளவு எடுக்க முடியும், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அதில் கொஞ்சம் டிஎன்ஏ பரிசோதனைக்கு, கொஞ்சம் ஸ்லைடில். பறவை பறந்துவிடும்.

46 பறவைகள், பறவைக்கு இரண்டு ஸ்லைடு, அ, ஆ என்று குறித்திருக்கிறாள். அவள் வேலை செய்கிற இடத்தில் "இனிமேல் ஸ்லைடெல்லாம் யார் பார்க்கிறார்கள், பிசிஆர் போதும்" என்று, அதாவது டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கிற பரிசோதனையே போதும் என்று சொல்லிவிட்டார்களாம். நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலுக்கு வந்தபோது பெட்டியோடு கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். "பெரியம்மா, உங்களுக்கு நேரம் இருந்தால் பாருங்கள்" என்றாள். ஒரு சொட்டு ரத்தம் கொடுத்துவிட்டுப் போன குருவிக்கு, அதை ஒருவர் கண்ணால் பார்க்கிற மரியாதையாவது வேண்டாமா? வளவில் வெளிச்சம் விழுகிற தூண் ஓரமாக மேசையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நாள் எதுவும் பிடிபடவில்லை. மனிதச் சிவப்பணுவில் நியூக்ளியஸ் கிடையாது, அதனால் உள்ளே என்ன இருந்தாலும் அது அந்நியம் என்று பழகிய கண் இது. பறவைக்கு ஒவ்வொரு சிவப்பணுவிலும் நியூக்ளியஸ் இருக்கிறது. நீள்வட்டமான அணு, நடுவில் ஊதா நிறத்தில் ஒரு கொட்டை. திரை முழுக்கக் கொட்டைகள். பழக்கத்தில் தடித்த பூச்சும் ஒன்று போட்டிருக்கலாமே என்று அவளிடம் கேட்டேன். அணுக்களை உடைத்தால் நியூக்ளியஸ் எல்லாம் குவிந்துவிடும், எதுவும் தெரியாது என்றாள். சரிதான். மெல்லிய பூச்சு ஒன்றுதான் வழி. ஒரு வாரம் வெறுமனே நல்ல அணுக்களையே பார்த்துக் கண்ணைப் பழக்கினேன். அதற்குப் பிறகுதான் எண்ண ஆரம்பித்தேன்.

இப்போது சந்தேகம்.

17அ, பழனி மலைச் சிரிப்பான். சில சிவப்பணுக்களில் நியூக்ளியஸின் கழுத்தில் அட்டிகை போட்டதுபோல ஒன்று வளைந்து கிடக்கிறது. அதன் மேல் பொன்பழுப்பு நிறத்தில் மிளகுப்பொடி தூவியதுபோலத் துகள்கள். இது மலேரியாக் குடும்பம் என்று என் மனசு சொல்லுகிறது. ஆனால் அதே ஸ்லைடில் அணுவை விட்டு வெளியே வந்த உருண்டைகளும் இருக்கின்றன. இரண்டு உருண்டைகளைச் சுற்றி மெல்லிய நூல்கள், சாட்டை மாதிரி. ஸ்லைடின் ஓரத்தில் யாரோ பென்சிலில் "டிரிபனோசோமா?" என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் வேறு என்னவென்றும் சொல்லத் தெரியவில்லை.

23அ, கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான். டிஎன்ஏ முடிவு மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் என்கிறது. நான் 200 புலம், அதாவது லென்ஸில் தெரிகிற வட்டம் 200 பார்த்தேன். அதிலும் அட்டிகை வகைதான் இருக்கிறது, அதுவும் நாலே நாலு.

31அ, ஓடைக் கரையில் பிடித்த சோலைக்கிளி (பெயரில்தான் கிளி, இது ஒரு சின்னச் சோலைக் குருவி). இதில் இருப்பது ரொம்பப் பெரியது. துகளே இல்லை. அது புகுந்த அணு இரண்டு முனையும் கூராக இழுபட்டு, எங்கள் ஊர்க் கண்டாங்கி நெய்கிற தறியின் நாடா மாதிரி இருக்கிறது. நியூக்ளியஸ் ஓரத்தில் நசுங்கிக் கிடக்கிறது. 31 வருஷத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

கிம்சா சாயம், மெத்தனாலில் நிலைப்படுத்தியது, ஆயிரம் மடங்கு உருப்பெருக்கம். வேறு என்ன விவரம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

---

சோலை_ஓடை, உதகை

ஆச்சி, வணக்கம். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். இவ்வளவு தெளிவாக வர்ணித்துக் கேட்கிறவர்கள் குறைவு. நான் நீலகிரியில் இதே வேலையில் இருக்கிறேன்.

உங்களிடம் முதலில் ஒரு கேள்வி: 17அ ஸ்லைடு காய எத்தனை நேரம் ஆனது?

ஏன் கேட்கிறேன் என்றால், உங்கள் அட்டிகை ஹீமோபுரோட்டியஸ், மலேரியா ஒட்டுண்ணிக்கு நெருங்கிய உறவு. ஏறக்குறைய சந்தேகமே இல்லை. இதற்கு ஒரு காலத்தில் ஹால்டெரிடியம் என்றே பெயர், டம்பெல் போன்ற அந்த உருவத்துக்காக. பறவையின் ரத்தத்தில் நீங்கள் பார்ப்பது அதன் ஆண், பெண் பாலணு முன்னோடிகளை மட்டும்தான். அவை அணுவுக்குள் அசையாமல், கடிக்கிற பூச்சிக்காகக் காத்திருக்கின்றன. பூச்சியின் வயிற்றுக்குள் போனதும் சூடு குறையும், கரியமில வாயு வெளியேறும். அதுதான் அவற்றுக்கு அடையாளம். உடனே உருண்டு திரண்டு அணுவை உடைத்து வெளியே வரும். ஆண் உருண்டை எட்டு நூல்கள் வரை வெளியே விடும். இதெல்லாம் சில நிமிடங்களில் நடந்துவிடும்.

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்துவிட்டுக் காயாமல் வைத்திருந்தால் என்ன ஆகும்? அதுவும் ஒட்டுண்ணிக்குப் பூச்சி வயிறு மாதிரிதான். சூடு குறைகிறது, வாயு போகிறது. அது ஏமாந்துபோய் வெளியே வந்துவிடும். 1897ல் மக்கல்லம் என்ற மருத்துவ மாணவர் காக்கை ரத்தத்தில் இதைத்தான் பார்த்தார். அந்த நூல்களில் ஒன்று பெண் உருண்டைக்குள் புகுவதைக் கண்டு, அது விந்தணு என்று புரிந்துகொண்டார். மலேரியா ஒட்டுண்ணிக்கும் ஆண் பெண் உண்டு என்பது பறவை ரத்தத்தில்தான் முதலில் கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த வருஷம் ரொனால்ட் ராஸ் கல்கத்தாவில் சிட்டுக்குருவியையும் கொசுவையும் வைத்துத்தான் கொசு கடியால் மலேரியா பரவும் வழியை முழுசாக நிரூபித்தார். மனித மலேரியாவுக்கு வாழ்நாளைக் கொடுத்த உங்களுக்கு இது சொந்த ஊர்க் கதை மாதிரி.

உண்மையான டிரிபனோசோமா (ரத்தத்தில் வாழ்கிற வேறொரு ஒட்டுண்ணி) என்றால் தனியாக நீந்துகிற நீள உடல், நடுவில் நியூக்ளியஸ், பின்முனை அருகே அடர்ந்த ஒரு புள்ளி, ஓரமாக அலை அலையான சவ்வு, எல்லாம் இருக்க வேண்டும். உருண்டையிலிருந்து கிளம்பும் வெறும் நூல் அது ஆகாது.

மலையில் இது தீராத பிரச்சினை. மூடுபனியில் ஸ்லைடு காயவே காயாது. காரைக்குடி வெயிலில் இழுத்த கை எடுப்பதற்குள் காய்ந்துவிடும். இங்கே காலை ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் ஆனாலும் பளபளவென்று ஈரமாகவே இருக்கும்.

31அவில் இருப்பது லூக்கோசைட்டோசூன், இதுவும் மலேரியாவின் உறவுக்கார ஒட்டுண்ணிதான். துகள் இல்லை என்று நீங்கள் கவனித்ததே பாதி விடை. ஹீமோபுரோட்டியஸும் பிளாஸ்மோடியமும் சிவப்பணுவின் நிறப்பொருளைத் தின்று, மிச்சத்தைத் துகளாக ஒதுக்கி வைக்கும். லூக்கோசைட்டோசூனில் அந்தத் துகள் வராது. அது புகுந்த அணு உருக்குலைந்து, இது முன்னே என்ன அணுவாக இருந்தது என்றே சொல்ல முடியாதபடி ஆகிவிடும். ஓடைக் கரை என்றீர்களே, அதுவும் பொருத்தம். இதைப் பரப்புகிற சிமுலியம் என்ற சின்னக் கருப்பு ஈயின் புழு, ஓடுகிற தண்ணீரில் கல்லைப் பற்றிக்கொண்டுதான் வளரும். தேங்கின குட்டையில் அது இல்லை.

23 பற்றி என்னைவிடத் தெரிந்த ஒருவர் இங்கே இருக்கிறார், அவர் வரட்டும்.

---

தேவகோட்டை_மாடப்புறா

ஆச்சிக்கு வணக்கம். நான் புறா வளர்க்கிறவன், படிப்பு அதிகம் இல்லை. எங்கள் மச்சில் 60 ஜோடி இருக்கிறது. புறாவின் இறகுக்குள்ளே தட்டையாக ஒரு ஈ பக்கவாட்டில் ஓடும், கையில் பிடித்தால் நசுங்காது. அது ரத்தம் குடிக்கும் என்று தெரியும். நீங்கள் சொல்லுகிற அட்டிகை அதனாலும் வருமா? சென்ற மாதம் குஞ்சு ஒன்று சோர்ந்து போனபோது கால்நடை மருத்துவமனையில் ரத்தம் பார்த்து ஹீமோ என்று ஏதோ எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் பயம்.

---

சோலை_ஓடை, உதகை

தம்பி, அதேதான். ஹீமோபுரோட்டியஸ் கொலம்பே, புறாவுடையது. அந்தத் தட்டை ஈதான் பரப்புகிறது. 1906ல் அல்ஜீரியாவில் செர்ஜான் சகோதரர்கள் அந்த ஈயை வைத்து நிரூபித்தார்கள். பிறகு ஈயின் வயிற்றுக்குள் அது எப்படி வளர்கிறது என்பதை நம் இந்தியாவில் இருந்து நுணுகிப் பார்த்து எழுதியவர் ஏடி என்ற பெண்மணி, 1915ல். நூறு வருஷத்துக்கு முன் ஒரு பெண் மைக்ராஸ்கோப்பில் குனிந்து செய்த வேலை. ஆச்சி கவனிக்க வேண்டும் என்று இதைச் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது. மனிதருக்கு இது வராது. கூட்டைச் சுத்தமாக வைத்து ஈயைக் குறையுங்கள், குஞ்சுக்கு மருத்துவர் சொன்னதைச் செய்யுங்கள். மலைப் பறவைகளின் ஹீமோபுரோட்டியஸ் வேறு கிளை. அதைப் பரப்புவது குலிகாய்டிஸ் என்ற பூச்சி. கொசுவைவிட மிகச் சின்னது, கடித்த பிறகுதான் தெரியும்.

---

வளவு_ஆச்சி, காரைக்குடி

தம்பி சோலை_ஓடை, உங்கள் ஒரு கேள்வியில் என் பத்து நாள் குழப்பம் தீர்ந்தது. முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

அவளுக்குப் போன் போட்டேன். குறிப்பேட்டைப் பார்த்துச் சொன்னாள். அன்றைக்குத் தூறல், மூடுபனி. 17அவை இழுத்துவிட்டுக் காயட்டும் என்று பெட்டிக்குள் சாய்த்து வைத்துவிட்டு அடுத்த பறவையை வலையிலிருந்து எடுக்க ஓடியிருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தபோதும் ஈரம். 17ஆவை இழுத்தபோது கூட இருந்த பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து குறிப்பேட்டு அட்டையால் விசிறியிருக்கிறான்.

போனை வைத்துவிட்டு 17ஆவை எடுத்து வைத்தேன். 100 புலம் பார்த்தேன். எல்லாம் அட்டிகை. உருண்டை ஒன்றுகூட இல்லை, நூல் இல்லை. ஒரே பறவை, ஒரே சொட்டு, இரண்டு கண்ணாடி. ஒன்றில் ஒட்டுண்ணி தன் வீட்டில் இருக்கிறது, மற்றொன்றில் பூச்சி வயிறு என்று நினைத்து வாசலைத் திறந்து வெளியே வந்துவிட்டது. கொஞ்ச நேரம் லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. 31 வருஷமும் ஸ்லைடில் இருப்பது செத்த உருவம், அசையாத படம் என்றே நினைத்துப் பார்த்துவிட்டேன். 17அ அப்படியில்லை. அது ஐந்து நிமிடத்தில் நடந்த ஒரு சம்பவம்.

பென்சில் குறிப்பை நான் அழிக்கவில்லை. அதன் கீழே "மெதுவாகக் காய்ந்தது, பாலணு வெளியேற்றம், 17ஆ பார்க்க" என்று எழுதி, தேதியும் போட்டேன். எங்கள் ஆய்வகத்தில் பழைய குறிப்பை அழிக்கக் கூடாது என்பது சட்டம். தப்பானாலும் அது இருக்க வேண்டும்.

பனையோலை விசிறி நாலு வாங்கிக் கொடைக்கானலுக்கு அனுப்பிவிட்டேன். இனி ஸ்லைடு இழுத்த கையோடு விசிறச் சொல்லியிருக்கிறேன்.

31 பற்றிச் சொன்னதற்கும் நன்றி. துகள் இல்லாததை நான் சாயக் குறையோ என்று நினைத்து இரண்டு நாள் சாயத்தையே குறை சொல்லிக்கொண்டு இருந்தேன். 23க்கு இன்னும் காத்திருக்கிறேன்.

---

கோழிமருத்துவன், நாமக்கல்

அம்மா, தாமதத்துக்கு மன்னிக்கவும். நான் கால்நடை மருத்துவர். கோழிப் பண்ணை வேலைதான், ஆனால் பறவை மலேரியாவை விட்டு விலகியதில்லை. கோழிக்கு வருகிற பிளாஸ்மோடியம் கலினேசியத்தை 1935ல் பிரம்ப்ட் விவரித்தார், இலங்கைக் கோழியிலிருந்து. கல்லீரல், மண்ணீரல் போன்ற திசுக்களில் மலேரியா ஒளிந்து பெருகும் நிலை உண்டு என்பதை 1937ல் அந்தக் கோழி ஒட்டுண்ணியில்தான் முதலில் தெளிவாகக் கண்டார்கள். அதனால் எனக்கு இது தொழில் மட்டும் இல்லை.

23க்கு வருகிறேன். டிஎன்ஏ ஒன்று சொல்கிறது, கண் வேறொன்றைப் பார்க்கிறது. யார் பொய்? பெரும்பாலும் இருவரும் பொய் சொல்லவில்லை.

பிசிஆரில் எடுப்பது ஒட்டுண்ணியின் மைட்டோகாண்டிரியாவில் உள்ள சைட்டோகுரோம் பி என்ற மரபணுவின் ஒரு துண்டு, 479 எழுத்து நீளம். உலகம் முழுக்க எல்லோரும் அதே துண்டைத்தான் படிக்கிறார்கள், ஒப்பிட வசதி என்பதால். 2009 முதல் மால்ஏவி என்ற பொதுத் தரவுத்தளத்தில் அவற்றைச் சேர்க்கிறார்கள். ஒரு எழுத்து மாறினாலும் புது வரிசை, புதுக் குறியீடு. இப்படிச் சேர்ந்த வரிசைகள் பல ஆயிரம். கண்ணால் பார்த்து, விவரித்து, முறைப்படி பெயர் வைத்த இனங்கள் சில நூறுதான். இடையில் இருக்கிற பள்ளத்தை நிரப்ப ஆள் இல்லை. அம்மா, உங்களை மாதிரி ஸ்லைடில் உட்காருகிறவர்கள்தான் இல்லை.

சிக்கல் என்னவென்றால், டிஎன்ஏ துண்டில் ஒட்டிப் பெருக்கத்தைத் தொடங்கி வைக்கிற வழக்கமான தொடக்க இழைகள் (பிரைமர்) ஹீமோபுரோட்டியஸ், பிளாஸ்மோடியம் இரண்டையும் ஒன்றாகவே பிடிக்கும். ஒரு பறவையில் இரண்டும் இருந்தால் எது நன்றாக ஒட்டுகிறதோ அதுதான் பெருகும், மற்றது மறைந்துவிடும். மலைப் பறவைகளில் கலப்புத் தொற்று சாதாரணம். தங்கை மகளிடம் 23இன் டிஎன்ஏ எழுத்துகளைப் படித்த வரைபடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் இரண்டு நிற முகடுகள் ஒன்றின் மேல் ஒன்று இருந்தால் உள்ளே இருவர் இருக்கிறார்கள்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. பூச்சி கடித்தபோது உள்ளே வந்த பிளாஸ்மோடியம் அந்தப் பறவையில் வளர முடியாமல் செத்துக்கொண்டு இருக்கலாம். பிசிஆருக்கு அதன் துணுக்கும் ஒன்றுதான், முழுசும் ஒன்றுதான். "இந்தப் பறவையில் இந்த ஒட்டுண்ணி உண்டு" என்று அறிக்கை வந்துவிடும். அது அங்கே வாழ்ந்து முடித்ததா, பாலணு வரை வந்ததா, அடுத்த பூச்சிக்குப் போக முடியுமா என்பதை ஸ்லைடு மட்டும்தான் சொல்லும். அதே சமயம் 200 புலத்தில் இல்லை என்றால் இல்லவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பத்தாயிரம் அணுவுக்கு ஒன்று இருந்தால் கண் தவறும், பிசிஆர் தவறாது. அதனால் ஸ்லைடு வேண்டாம் என்றவர்கள் பாதிக் கண்ணை மூடிவிட்டார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

23இல் என்ன தேட வேண்டும் என்று சொல்கிறேன். ஹீமோபுரோட்டியஸ் ஓடுகிற ரத்தத்தில் பிரிந்து பெருகாது. பிளாஸ்மோடியம் பெருகும். சிவப்பணுவுக்குள் குட்டி குட்டியாக நாலு, ஆறு, எட்டு நியூக்ளியஸ்கள் விசிறியாகவோ பூவிதழாகவோ அடுக்கி, நடுவில் துகள் ஒரே கட்டியாகக் குவிந்து இருந்தால், அது ஒன்றே போதும். அட்டிகை எத்தனை பார்த்தாலும் பிளாஸ்மோடியத்தை மறுக்க முடியாது. அந்தப் பூ ஒன்று கிடைத்தால் உறுதி செய்துவிடலாம்.

அட்டிகை இனங்களைப் பிரிக்க: அது நியூக்ளியஸைத் தொடுகிறதா, அணுவின் ஓரத்தைத் தொடுகிறதா, இரண்டு முனையும் சுற்றி வந்து ஒன்று சேர்கிறதா, நியூக்ளியஸை எவ்வளவு தள்ளியிருக்கிறது, துகள் எத்தனை, உருண்டையா குச்சியா. ஒவ்வொன்றையும் எண்ணி எழுதுங்கள். முதிராத அட்டிகையில் இதையெல்லாம் பார்க்காதீர்கள், முதிர்ந்ததில் மட்டும் பாருங்கள். ஆண் வெளுத்திருக்கும், பெண் நன்றாக நீலம் பிடித்திருக்கும்.

ஒரு வேளை இது புது இனமாக இருந்தால், பெயர் வைக்க மாதிரி வேண்டும். வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒன்றை எடுத்து ஊசி குத்தி வைக்க முடியாத உயிர் இது. அதனால் பல நிலைகள் பதிந்த ஸ்லைடையே மாதிரியாக ஏற்க விலங்குப் பெயரிடல் விதிகளில் இடம் இருக்கிறது. அதாவது நீங்கள் மேசையில் வைத்திருக்கிற கண்ணாடிதான் நாளைக்கு அந்த இனத்தின் ஆதாரம் ஆகலாம். 17ஆவை எண்ணெய் துடைத்துப் பத்திரமாக வையுங்கள்.

---

கொள்ளுக்குடிப்பட்டி_வாத்தியார்

ஒரு பொதுவான சந்தேகம். எங்கள் வேட்டங்குடிச் சரணாலயத்துக்கு வருகிற நாரைகளுக்காக ஊரே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை என்றால் எங்களுக்கு அவ்வளவு உயிர். இந்த ஒட்டுண்ணியால் பறவைகள் சாகுமா? அல்லது பார்த்துப் பெயர் வைக்க மட்டும்தானா?

---

சோலை_ஓடை, உதகை

ஐயா, பழகின ஒட்டுண்ணியோடு பழகின பறவை பெரும்பாலும் சமாளித்துவிடும். பழகாத பறவைக்குப் போனால்தான் ஆபத்து. ஹவாய்த் தீவுகளில் முன்பு கொசுவே இருந்ததில்லை. 1826 வாக்கில் கப்பல் வழியாக வந்தது, நம் ஊர்ச் சாக்கடையில் இருக்கிற அதே குலெக்ஸ் கொசு. பின்னால் பிளாஸ்மோடியம் ரெலிக்டமும் வந்து சேர்ந்தது. அந்தத் தீவுகளில் மட்டுமே இருந்த தேன்பறவைகள் பலவற்றை அழித்தது. மிச்சம் இருந்தவை மலை உச்சிக் குளிரில் தப்பின, ஏனென்றால் சுமார் 13 டிகிரிக்குக் கீழே அந்த ஒட்டுண்ணி கொசுவுக்குள் வளராது. இப்போது உச்சியும் சூடாகிறது, கொசு மேலே ஏறுகிறது.

பழனி மலையும் ஒரு தீவுதான். சுற்றிச் சூடான சமவெளிக் கடல், நடுவில் குளிர்ந்த சோலை. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஒரு சிரிப்பான், வடக்கே நீலகிரியில் வேறொரு சிரிப்பான். 2017ல்தான் இவற்றுக்கு மாண்டெசிங்க்லா என்று தனிப் பேரினம் கொடுத்தார்கள். சோலைக்கிளிக்குச் சோலிகோலா. பறவைகள் பள்ளத்தாக்கைத் தாண்ட மாட்டாமல் பிரிந்து நின்றன. அவற்றின் ரத்தத்தில் இருப்பவையும் பிரிந்தனவா என்று 2019ல் வெளியான ஒரு ஆய்வு இதே மலைகளில் பார்த்தது. பல வகைப் பறவைக்குள் புகுகிற ஒட்டுண்ணிக்கும் ஒரு வகையோடு நிற்கிற ஒட்டுண்ணிக்கும் தடை ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. மலை ஒன்றைத் தடுக்கிறது, பறவையின் இனம் மற்றொன்றைத் தடுக்கிறது. எது எந்தப் பறவையில் இயல்பாக இருக்கிறது என்று இன்று எழுதி வைத்தால்தான், நாளைக்குக் கீழேயிருந்து புதிதாக ஒன்று ஏறி வந்தால் வந்தது என்று சொல்ல முடியும். பெயர் வைப்பது அதற்குத்தான்.

---

வளவு_ஆச்சி, காரைக்குடி

டாக்டர் தம்பி, பூ கிடைத்துவிட்டது.

23அவில் இல்லை. 23ஆவில். மூன்று நாள், காலையில் ஒன்பதிலிருந்து வளவில் வெயில் சாய்கிற வரைக்கும். பூச்சின் நடுவில் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஓரத்துக்குப் போனேன், இழுக்கும்போது கனமான அணு ஓரத்துக்குத் தள்ளப்படும் என்ற பழைய பழக்கத்தில். மூன்றாம் நாள் மூன்று மணி வாக்கில் ஒரு அணு, நியூக்ளியஸ் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அதன் பக்கத்தில் எட்டு சின்னப் புள்ளிகள் விசிறியாக, காம்பில் துகள் ஒரே கருமுத்தாகக் குவிந்து. எண்ணினேன், மறுபடி எண்ணினேன். எட்டு. அதே புலத்தில் இரண்டு அணு தள்ளி ஓர் அட்டிகை. இரண்டும் ஒரே வட்டத்துக்குள்.

தங்கை மகள் வரைபடத்தை எடுத்துப் பார்த்தாள். எட்டு இடத்தில் இரட்டை முகடு இருக்கிறதாம். முன்னே அதை இரைச்சல் என்று ஒதுக்கியிருந்தார்கள். இப்போது இரண்டையும் பிரித்துப் படிக்க மறுபடி ஓட்டப்போகிறார்கள். அவளுடைய வழிகாட்டி 46 பறவைகளின் ஸ்லைடுகளையும் முழுசாகப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டாராம், என் பெயரையும் சேர்த்து.

அந்த அணு இருக்கிற இடத்தை மேடை அளவுகோலில் எழுதி, கண்ணாடியின் பின்பக்கம் வைரமுனையால் சின்ன வட்டமும் போட்டிருக்கிறேன். படம் பென்சிலில் வரைந்துவிட்டேன். போட்டோ எடுக்க என் பேரன் ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து வருகிறான், வந்ததும் இங்கே போடுகிறேன்.

17ஆவில் முதிர்ந்த அட்டிகை 30 எண்ணியிருக்கிறேன். இரண்டு முனையும் சேரவில்லை, இடைவெளி இருக்கிறது. நியூக்ளியஸைத் தொடுகிறது, அணு ஓரத்தையும் தொடுகிறது. துகள் பெண்ணில் 12 முதல் 17 வரை, பெரும்பாலும் உருண்டை. நியூக்ளியஸ் கொஞ்சம்தான் தள்ளியிருக்கிறது. இதை வைத்து எந்த இனம் என்று சொல்ல முடியுமா, இன்னும் என்ன அளக்க வேண்டும்?

31ஐ நாளைக்குக் காலையில் எடுக்கிறேன்.